மாணவர் கட்டுரையைத் திருத்த எந்த முறை எதற்கு உதவும்? ஓர் ஒப்பீடு

"கட்டுரையைத் திருத்தி எழுதி வா" என்று சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் செய்வது சொல்மாற்று வேலைதான். 'முக்கியமான' இருந்த இடத்தில் 'இன்றியமையாத' வரும். 'நிறைய' போய் 'எண்ணற்ற' வரும். இரண்டு எழுத்துப்பிழை திருந்தும். மற்றபடி கட்டுரை இருந்தபடியே இருக்கும். இதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. 1980இல் அமெரிக்க ஆய்வாளர் நான்சி சாமர்ஸ், முதலாண்டுக் கல்லூரி மாணவர்கள் 20 பேரையும், இதழாளர், பதிப்பாசிரியர், கல்வியாளர் என்று எழுதிப் பழகிய 20 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொருவரும் 3 கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் 2 முறை திருத்தினார்கள். மாணவர்களுக்குத் திருத்தம் என்றால் சொல்லை மாற்றுவது. பழகியவர்களோ வாதத்தின் வடிவத்தைத் தேடினார்கள், படிப்பவர் கண்ணால் தங்கள் எழுத்தைப் பார்த்தார்கள். மாணவரிடம் வேறு கருவி இல்லை, அவ்வளவுதான்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஓரக்குறிப்பு எடுப்பது, புதுத் தாளில் மீண்டும் எழுதுவது, வரி வரியாகப் பிரிப்பது, வாய்விட்டு வாசிப்பது, சக மாணவரிடம் கொடுப்பது, ஆசிரியர் திருத்துவது, மென்பொருளில் ஓடவிடுவது என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரே கட்டுரைக்குச் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரே பத்தியை ஒவ்வொரு முறையிலும் போட்டுப் பார்ப்பது நல்லது. வகுப்பில் அடிக்கடி வரும் வகையைச் சேர்ந்த பத்தி இது. இங்கே காட்டுவதற்காக எழுதப்பட்டது:

"இன்றைய காலகட்டத்தில் மாணவர்களிடையே தூக்கமின்மை என்பது ஒரு முக்கியமான பிரச்சினையாகக் காணப்படுகிறது. தூக்கம் மனிதனுக்கு மிகவும் அவசியமான ஒன்றாகும். கைபேசியில் வரும் நீல ஒளி மூளையை விழித்திருக்கச் செய்து மாணவர்கள் தாமதமாகத் தூங்குகிறார்கள். இதனால் பல பாதிப்புகள் ஏற்படுகின்றன. பழங்காலத்தில் மக்கள் சீக்கிரமாகத் தூங்கினார்கள். மறுநாள் வகுப்பில் கவனம் செலுத்த முடியாமல் போகும் நிலை உருவாகிறது. எனவே தூக்கம் மிகவும் அவசியமாகும்."

7 வாக்கியம், 44 சொல். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படித்து முடித்தவுடன் கையில் எதுவும் நிற்பதில்லை.

முதலில் பத்தி, பிறகுதான் வாக்கியம்

முறைகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். வரிசையில் மட்டும் சமரசம் வேண்டாம். பத்தி மட்டத் திருத்தம் முடியும்வரை வாக்கியத்தில் கை வைக்கக் கூடாது. காரணம் எளிது. ஒரு வாக்கியத்தை 10 நிமிடம் செதுக்கிய மாணவர், அந்த வாக்கியமே வேண்டாம் என்று பிறகு தெரிந்தாலும் அடிக்க மனம் வராமல் வைத்துக்கொள்வார். மேலே உள்ள 5ஆவது வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'பழங்காலத்தில்' என்பதை 'நம் முன்னோர் காலத்தில்' என்று மாற்றி, 'சீக்கிரமாக' என்பதை 'பொழுது சாய்ந்ததும்' என்று அழகாக்கிவிட்டால் அது அந்தப் பத்தியை விட்டு நகரவே நகராது. அதற்கு அங்கே வேலையே இல்லை என்பது வேறு விஷயம்.

ஓரக்குறிப்பா, புதுத்தாளா?

பத்தி மட்டத்தில் இரண்டு முறைகள்தான் உண்மையில் போட்டியிடுகின்றன.

ஓரக்குறிப்பு முறையில், எழுதி முடித்த கட்டுரையின் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் இரண்டு வரி எழுத வேண்டும். முதல் வரியில் இந்தப் பத்தி என்ன சொல்கிறது. 8 சொல்லுக்கு மேல் கூடாது. இரண்டாவது வரியில் இந்தப் பத்தி இங்கே என்ன வேலை செய்கிறது: காரணம் காட்டுகிறதா, உதாரணம் தருகிறதா, எதிர்வாதத்துக்குப் பதில் சொல்கிறதா. எல்லாப் பத்திக்கும் எழுதிய பிறகு கட்டுரையை மூடிவிட்டு ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே படிக்க வேண்டும். 5 பத்திக் கட்டுரைக்கு 15 நிமிடம் போதும்.

இது சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மாணவர்கள் 'தூக்கம் பற்றி', 'கைபேசியின் தீமைகள்' என்று தலைப்புப் போட்டுவிட்டு முடிந்தது என்பார்கள். தலைப்பு எந்தக் குறையையும் காட்டிக்கொடுக்காது. அதனால் ஒரு நிபந்தனை: குறிப்பில் பயனிலை இருந்தே தீர வேண்டும். 'இரவில் கைபேசி பார்ப்பது மறுநாள் கவனத்தைக் கெடுக்கிறது' என்று எழுதினால்தான் அது குறிப்பு. நிபந்தனையைப் போட்டவுடன் பல பத்திகள் மாட்டிக்கொள்ளும். குறிப்பே எழுத முடியவில்லை என்றால் பத்தியில் கருத்து இல்லை. 'உம்' போட்டு இரண்டு செய்தியை ஒட்டினால்தான் எழுத முடிகிறது என்றால் அது இரண்டு பத்தி. இரண்டு பத்திக்கு ஒரே குறிப்பு வந்தால் ஒன்று போகலாம், அல்லது இரண்டும் சேரலாம்.

நம் பத்தியில் இதையே வாக்கியத்துக்கு ஒரு குறிப்பாகச் செய்து பார்த்தால்: 1, பிரச்சினை இருக்கிறது. 2, தூக்கம் தேவை. 3, கைபேசி தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. 4, பாதிப்பு உண்டு. 5, முன்பு இப்படி இல்லை. 6, கவனம் குறைகிறது. 7, தூக்கம் தேவை. 2உம் 7உம் ஒன்றே. 4ஆவது வாக்கியம் 6ஆவதை அறிவிக்க மட்டும் வந்திருக்கிறது. 5ஆவதற்குச் சொந்தக்காரர் இல்லை. சரக்கு 3இலும் 6இலும் மட்டுமே இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு படி காணவில்லை என்பதும் இப்போதுதான் தெரிகிறது: தாமதமாகத் தூங்கினால் ஏன் கவனம் குறைய வேண்டும்? தாமதமாக எழுந்தால் சரியாகிவிடாதா? இந்தக் கேள்வி வேறு எந்த முறையிலும் இவ்வளவு சுலபமாக எழாது.

புதுத்தாள் முறை இதைவிட முரட்டுத்தனமானது. பழைய பத்தியை ஒருமுறை படித்து, கவிழ்த்து வைத்துவிட்டு, பார்க்காமல் மீண்டும் எழுத வேண்டும். பிறகு இரண்டையும் அருகருகே வைத்து, பழையதில் நல்லதாக விட்டுப்போன உண்மை, எண், உதாரணம் ஏதாவது இருந்தால் மட்டும் எடுத்துச் சேர்க்க வேண்டும். நினைவில் தங்காத வாக்கியம் பெரும்பாலும் தேவைப்படாத வாக்கியம் என்பதே இதன் அடிப்படை. ஆனால் கருத்தே தெளிவாக இல்லாத மாணவர் புதுத்தாளில் அதே குழப்பத்தை வேறு சொற்களில் எழுதுவார். ஆகவே இது ஓரக்குறிப்புக்கு மாற்று ஆகாது, அதற்கு அடுத்த படி. குறிப்பு எடுத்த பிறகு பத்தியில் பாதிக்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் ஒட்டுப்போடாமல் புதுத்தாள் எடுங்கள். அதற்குக் குறைவென்றால் இருக்கும் பத்தியிலேயே அடித்துத் திருத்துவது வேகம்.

வாக்கியம்: கண்ணா, காதா?

வாக்கிய மட்டத்தில் எங்கள் முதல் தேர்வு வரி பிரித்தல். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியில் எழுதி எண் போடுவது. கணினியில் என்றால் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் வரி உடைத்தால் முடிந்தது. பிறகு மூன்று பார்வை.

முதல் பார்வை வலது ஓரத்தில். தமிழில் பயனிலை கடைசியில் வருவதால் வாக்கியத்தின் கடைசிச் சொல்லே அதன் உடல்நலத்தைச் சொல்லிவிடும். நம் பத்தியின் வலது ஓரம் இப்படி இருக்கிறது: காணப்படுகிறது, ஒன்றாகும், தூங்குகிறார்கள், ஏற்படுகின்றன, தூங்கினார்கள், உருவாகிறது, அவசியமாகும். ஏழில் ஐந்தில் யாரும் எதையும் செய்யவில்லை. காணப்படுவது, ஏற்படுவது, உருவாவது, ஆவது இவை எல்லாம் செய்பவரை ஒளித்துவைக்கும் முடிவுகள். இத்தனை இருந்தால் பத்தி அரசுச் சுற்றறிக்கை மாதிரிதான் ஒலிக்கும். ஒவ்வொன்றிலும் 'யார்? என்ன செய்கிறார்?' என்று கேட்டுத் திரும்ப எழுத வேண்டும். 'கவனம் செலுத்த முடியாமல் போகும் நிலை உருவாகிறது' என்பது 6 சொல். 'கவனம் சிதறுகிறது' 2 சொல். செயப்பாட்டு வினையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அறிவியல் செய்முறையில் 'கரைசல் வடிகட்டப்பட்டது' என்பது சரியே, அங்கே வடிகட்டியவர் யார் என்பது யாருக்கும் தேவையில்லை. அது பழக்கதோஷமாக வரும்போதுதான் தொல்லை.

இரண்டாவது பார்வை இடது ஓரத்தில். இன்றைய காலகட்டத்தில், தூக்கம், கைபேசியில், இதனால், பழங்காலத்தில், மறுநாள், எனவே. ஏழு வாக்கியம் ஏழு இடத்திலிருந்து கிளம்புகிறது. செக் நாட்டு மொழியியலாளர்கள் இதை நெடுநாளாக ஆராய்ந்திருக்கிறார்கள்; ஃபிரான்டிஷெக் தானெஷ் 1974இல் பத்திக்குள் கருப்பொருள் நகரும் வகைகளைப் பிரித்துக் காட்டினார். மாணவருக்கு அதில் இரண்டு வகை போதும். ஒன்று, ஒரே பொருளைப் பற்றியே அடுத்தடுத்த வாக்கியம் தொடங்குவது. மற்றொன்று, ஒரு வாக்கியத்தில் புதிதாக வந்த செய்தியை அடுத்த வாக்கியத்தின் தொடக்கமாக எடுத்துக்கொள்வது. இரண்டும் இல்லாவிட்டால் 'மேலும்', 'எனவே', 'ஆகவே' என்று இணைப்புச் சொற்களை எத்தனை ஒட்டினாலும் பத்தி தனித்தனித் துண்டாகவே நிற்கும். மாணவர் கட்டுரையில் 'மேலும்' அதிகம் தென்பட்டால் அங்கே உள்தொடர்பு இல்லை என்று சந்தேகப்படலாம். அதை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். தொடர்பு போகவில்லை என்றால் அந்தச் சொல் தேவைப்படவில்லை. போய்விட்டது என்றால் தொடர்பு முதலிலேயே இருக்கவில்லை.

மூன்றாவது, எழுவாயையும் பயனிலையையும் அடிக்கோடிட்டு இணைப்பது. ஒருமை பன்மை மயக்கம், எழுவாயே இல்லாத வாக்கியம், 'அது' எதைக் குறிக்கிறது என்று தெரியாத வாக்கியம் எல்லாம் இதில் அகப்படும். இன்னொரு பிழை இதில் மட்டுமே அகப்படும். 'நீல ஒளி மூளையை விழித்திருக்கச் செய்து மாணவர்கள் தாமதமாகத் தூங்குகிறார்கள்': செய்தது ஒளி, தூங்குவது மாணவர்கள். 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்பது தொல்காப்பியத்திலேயே உள்ள விதி: 'முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின.' 'மழை பெய்து குளம் நிறைந்தது' போன்ற சிலவற்றை வழக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் எழுவாயை மாற்றினால் நீண்ட வாக்கியத்தில் யார் எதைச் செய்தார் என்பது தெரியாமல் போகும். திருத்தம் சுலபம்: 'செய்து' என்பதைச் 'செய்வதால்' என்று ஆக்கினால் இரண்டு எழுவாய்க்கும் இடம் கிடைக்கிறது. 'மணி அடித்து மாணவர்கள் வெளியே வந்தார்கள்' என்பதை 'மணி அடித்ததும்' என்று மாற்றுவது போல.

வரி பிரித்தலின் பக்கவிளைவையும் சொல்லியாக வேண்டும். இதைக் கற்ற மாணவர்கள் எல்லா வாக்கியத்தையும் 4, 5 சொல்லாக நறுக்கத் தொடங்குவார்கள். 'ஒளி வருகிறது. மூளை விழிக்கிறது. தூக்கம் தாமதமாகிறது.' தவறில்லை, ஆனால் தந்தி. எது காரணம், எது விளைவு என்பது காணாமல் போகிறது. இதற்கு மருந்து வாக்கியம் சேர்த்தல்: இரண்டு மூன்று குறுவாக்கியங்களைக் கொடுத்து, 'ஆல்', 'உம்', 'போது', பெயரெச்சம் என்று வெவ்வேறு வழியில் ஒன்றாக்கச் சொல்வது. ஒரே மூன்று வாக்கியத்தை மூன்று விதமாகச் சேர்த்து, எதில் எந்தச் செய்தி முன்னுக்கு வருகிறது என்று பார்க்கச் சொன்னால் 10 நிமிடத்தில் பயிற்சி முடிந்துவிடும். 2007இல் ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் இருவரும் 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்தபோது, வாக்கியம் சேர்த்தலின் விளைவளவு (பயிற்சியால் எழுத்துத் தரம் எவ்வளவு மாறியது என்பதன் அளவு; கழித்தல் குறி வந்தால் தரம் குறைந்தது) 0.50 என்று வந்தது. இலக்கணத்தைத் தனியாக நடத்துவதன் விளைவளவு -0.32. ஆங்கில வகுப்புகளின் கணக்கு இது, தமிழுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் பிழைதிருத்தப் பாடமே எழுத்துப் பாடம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்.

அடுத்து காது. வாய்விட்டு வாசித்தல் எல்லோரும் முதலில் சொல்லும் அறிவுரை. செலவில்லாதது, ஒரு பக்கத்துக்கு 2, 3 நிமிடம்தான். மூச்சு வாங்கும் நீளம், ஒரே முடிவு திரும்பத் திரும்ப வருவது, விட்டுப்போன சொல், நாக்கு தடுக்கும் அடுக்கு இவற்றைக் காது உடனே பிடிக்கும். ஆனால் அதன்மீது வைக்கப்படும் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். எழுதியவர் தாளில் இருப்பதைப் படிப்பதில்லை, மனதில் இருப்பதைப் படிக்கிறார். 'பள்ளிக்கு சென்றான்' என்று எழுதியிருந்தாலும் வாய் 'பள்ளிக்குச் சென்றான்' என்றே உச்சரிக்கும். விட்டுப்போன ஒற்று விட்டதாகவே தெரியாது. இதற்கு வேறொருவரை வாசிக்கச் சொல்ல வேண்டும். ஆள் இல்லையென்றால் கைபேசியின் வாசிப்பு வசதியைப் போட்டுக் கேளுங்கள். ஒற்றுப்பிழையை அதுவும் சரியாகச் சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் விட்டுப்போன சொல்லை அது மனதிலிருந்து சேர்த்துப் படிக்காது. நீங்கள் பேனாவோடு உட்கார்ந்து, கேட்பது தடுக்கும் இடத்தில் கோடு மட்டும் போடுங்கள். வாசிப்பை நிறுத்தித் திருத்தத் தொடங்கினால் ஓட்டம் போய்விடும்.

காதுக்கு இன்னொரு குறை. நம் பத்தியை வாய்விட்டு வாசித்தால் நன்றாகவே ஒலிக்கும்! பழகிய தொடர்கள் என்பதால் எங்கும் தடுக்காது. வெற்றுச் சொல் எப்போதும் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே வாசித்தல் கடைசிப் படி. கருத்தும் வாக்கியமும் சரியான பிறகு ஓசையைச் சரிபார்க்க. ஒற்றுப்பிழைக்கும் எழுத்துப்பிழைக்கும் கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்குப் பின்னோக்கிப் படிப்பது மேல். பொருளோட்டம் அறுந்துபோவதால் கண் எழுத்தில் நிற்கும்.

இரண்டு மட்டமும் முடிந்த பிறகு நம் பத்தி:

"இரவு வெகுநேரம் கைபேசி பார்க்கும் மாணவர்கள் மறுநாள் வகுப்பில் கவனம் சிதறி உட்கார்ந்திருக்கிறார்கள். திரையின் நீல ஒளி மூளையை விழிப்பாகவே வைத்திருப்பதால் அவர்களுக்குத் தூக்கம் வரத் தாமதமாகிறது. தாமதமாகத் தூங்கினாலும் பள்ளிக்கு எழும் நேரம் மாறுவதில்லை. குறைவது தூங்கும் நேரம்தான்."

44 சொல் 29 ஆகியிருக்கிறது. ஆனால் சுருக்கம் இதில் இரண்டாம்பட்சம். முதல் பிரதியில் இல்லாத ஒரு காரணம் கடைசி இரண்டு வாக்கியத்தில் சேர்ந்திருக்கிறது. திருத்தம் என்றாலே வெட்டுவது என்று கற்பிக்கப்பட்ட மாணவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

பிறர் கண்: சக மாணவர், ஆசிரியர், மென்பொருள்

சக மாணவரிடம் கொடுத்தால் 'நன்றாக இருக்கிறது, எழுத்துப்பிழையைக் கவனி' என்று திரும்பி வரும் என்பதுதான் பொதுவான குறை. குறை முறையில் இல்லை, கேட்ட கேள்வியில் இருக்கிறது. 'கருத்துச் சொல்' என்று கேட்டால் நட்பு கெடாத பதில்தான் வரும். கேட்க வேண்டியவை மூன்று: இந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுது, இரண்டாவது முறை படிக்க வேண்டியிருந்த இடத்தில் கோடு போடு, எந்த இடத்தில் 'எப்படித் தெரியும்?' என்று கேட்கத் தோன்றியது? மூன்றுக்கும் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை, நடந்ததைச் சொன்னால் போதும். எழுத்துப்பிழையைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அனுமதித்தால் அதை மட்டுமே செய்வார்கள். மூன்று பேர் கொண்ட குழு, ஒரு கட்டுரைக்கு 10 நிமிடம், ஒரு பாடவேளைக்குள் முடியும்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. 2009இல் கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராம், வெண்டி பேக்கர் இருவரும் இரண்டாம் மொழியில் எழுதும் மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு மற்றவர் எழுத்துக்குக் கருத்துச் சொல்லவும், மற்றது வந்த கருத்தைக் கொண்டு திருத்தவும் பழகியது. சொந்த எழுத்தில் அதிகம் முன்னேறியவர்கள் கருத்துச் சொன்னவர்கள். ஆகவே உங்கள் வகுப்பில் நன்றாக எழுதும் மாணவரை விலக்கிவைத்து 'நீ எல்லோருடையதையும் திருத்து' என்று சொன்னால் பயிற்சி முழுவதும் அவருக்கே போகும். தேவைப்படுபவர்கள் வெறுமனே வாங்கிக்கொள்வார்கள்.

ஆசிரியர் சிவப்புப் பேனாவால் முழுவதும் திருத்துவது மாணவர் அதிகம் மதிப்பது, ஆசிரியரின் நேரத்தை அதிகம் தின்பது. 40 மாணவர், ஆளுக்கு 10 நிமிடம் என்றால் 400 நிமிடம், ஏறக்குறைய ஆறே முக்கால் மணி நேரம். பலன்? திருத்தியதை மாணவர் பார்த்து எழுதுவார். அதே பிழை அடுத்த கட்டுரையில் வரும். இலக்கணத் திருத்தம் பயனற்றது என்று ஜான் டிரஸ்காட் 1996இல் எழுதியதும், டேனா ஃபெரிஸ் 1999இல் அதை மறுத்ததும் இந்தத் துறையில் பெரிய சண்டை. அதில் தீர்ப்புச் சொல்லாமலே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு மாற்று இருக்கிறது. ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983இல் எழுதிய முறை: பிழையைத் திருத்தவும் வேண்டாம், அடையாளம் காட்டவும் வேண்டாம், பிழை இருக்கும் வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு குறி மட்டும் போட வேண்டும். இரண்டு பிழை இருந்தால் இரண்டு குறி. தேடித் திருத்துவது மாணவர் வேலை. அவருடைய மாணவர்கள் குறி போட்ட பிழைகளில் 60 சதவீதத்துக்கு மேல் தாங்களே திருத்தினார்கள். அதாவது பாதிக்கு மேல் அறியாமை இல்லை, கவனக்குறைவு. திருத்த முடியாமல் மிஞ்சுவதை மட்டும் ஆசிரியர் விளக்கினால் போதும். ஓரக்குறி போட ஆளுக்கு 3 நிமிடம் வைத்தாலும் 40 பேருக்கு 2 மணி நேரம்தான். இதன் நிபந்தனை, குறி போட்ட தாளைத் திருத்தித் திரும்பக் கொடுத்த பிறகே மதிப்பெண் தர வேண்டும். மதிப்பெண்ணோடு கொடுத்தால் யாரும் தேட மாட்டார்கள். மொழி இன்னும் கைவராத மாணவருக்கு இது பொருந்தாது. அவருக்கு வரியைக் காட்டினாலும் பிழை தெரியாது. ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்து நேரடியாகத் திருத்திக் காட்ட வேண்டும்.

எழுத்துப்பிழைத் திருத்திகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வினையடி தமிழில் ஆயிரக்கணக்கான வடிவம் எடுக்கும் என்பதால் சரியான சொல்லுக்குக் கீழேயும் சிவப்புக் கோடு விழும். 'அறம்' என்பதை 'அரம்' என்று எழுதினால், இரண்டுமே அகராதியில் உள்ள சொல், கோடு விழாது. கட்டுரையை மாற்றி எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேறு கதை. 'இதைத் திருத்து' என்று கொடுத்தால் வழவழப்பான பத்தி வரும். எது ஏன் மாறியது என்று மாணவருக்குத் தெரியாது, அவர் சொல்லாத கருத்துகூட நுழைந்திருக்கும். பயன்படுத்தத்தான் போகிறார்கள் என்றால் எழுதச் சொல்லாமல் படிக்கச் சொல்லலாம்: 'ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஒரு வரியில் சொல், எதையும் மாற்றாதே.' வந்த பதிலைத் தான் எடுத்த ஓரக்குறிப்போடு மாணவர் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத பத்தியில்தான் வேலை இருக்கிறது.

ஒரு பழைய பட்டியல்

சரிபார்ப்புப் பட்டியல் கொடுக்கும் ஆசிரியர்கள் 20 வரி கொடுக்கிறார்கள். மாணவர் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுத் தருகிறார். 4, 5 கேள்விக்கு மேல் போனால் அது படிவம் நிரப்புவதுதான். தமிழில் இதற்கு ஆயத்தமான சொற்கள் இருக்கின்றன. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்தில் மாறுகொளக் கூறல் (முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது), மற்றொன்று விரித்தல் (பேச்சை விட்டு வேறொன்றை விரிப்பது), சென்று தேய்ந்து இறுதல் மூன்றும் பத்தி மட்டம். கூறியது கூறல் பத்தியிலும் வரும், வாக்கியத்திலும் வரும். மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல் (பொருளில்லாமல் சொல்லை அடுக்குவது) ஆகியவற்றை வாக்கியத்தில் தேடலாம். நம் பத்தியின் 5ஆவது வாக்கியம் மற்றொன்று விரித்தல். 7ஆவது கூறியது கூறல். விட்டுப்போன காரணம் குன்றக் கூறல், அதாவது வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. ஓரத்தில் 'சரியில்லை' என்று எழுதுவதற்குப் பதில் 'மற்றொன்று விரித்தல்' என்று எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் சேர்ந்தே தெரிகிறது. 'சென்று தேய்ந்து இறுதல்' என்பதைவிடத் துல்லியமாக, வீறாப்பாகத் தொடங்கிக் கடைசிப் பத்தியில் சோர்ந்துபோகும் கட்டுரையை வர்ணிக்க முடியாது.

அப்படியானால் எதை எடுப்பது?

தனியாக எழுதுபவர், கையில் ஒரு நாள் இருக்கிறது: ஓரக்குறிப்பு, தேவையானால் புதுத்தாள், ஓர் இரவு இடைவெளி, வரி பிரித்தல், கடைசியாக வாசிப்பு. ஒரு மணி நேரமே இருந்தால் இடைவெளியையும் புதுத்தாளையும் விட்டுவிடலாம். ஓரக்குறிப்பை விடக் கூடாது. 5 பத்தியிலும் வரி பிரிக்க நேரமில்லை என்றால் மோசமான இரண்டு பத்தியை மட்டும் எடுத்துச் செய்தால் போதும். பிழை பழக்கத்தில் இருப்பதால் ஒன்றில் கண்டது மற்றவற்றிலும் கண்ணில் படும்.

40 பேர் வகுப்பை நடத்தும் ஆசிரியருக்கு: முதல் பிரதிக்கு ஓரக்குறிப்பும் குழு வாசிப்பும், இரண்டாம் பிரதிக்கு ஓரக்குறி. முழுத் திருத்தத்தைக் கைவிடச் சங்கடமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு பத்தியை மட்டும் முழுதாகத் திருத்தலாம். வாரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் வாக்கியம் சேர்த்தல், மாணவர்களின் சொந்த வாக்கியங்களையே எடுத்து.

தேர்வறையில் கடைசி 10 நிமிடம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் முழுதாக நடக்காது. வரிசை மாறும்: முதலில் கேள்வியைத் திரும்பப் படித்து, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும் அதற்குப் பதில் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள், 3 நிமிடம். சொல்லாத பத்திக்கு மேல் ஒரு வாக்கியம் செருகலாம், பத்தியைப் பிரித்துப் போட முடியாது. இதற்காகவே எழுதும்போது பத்திகளுக்கு நடுவே ஒரு வரி விட்டுவைப்பது நல்லது. அடுத்த 5 நிமிடம் வலது ஓரம்: நீண்ட வாக்கியங்களின் கடைசிச் சொல்லை எழுவாயோடு பொருத்திப் பாருங்கள், ஒருமை பன்மை அங்கேதான் வழுக்கியிருக்கும். மிச்சமிருக்கும் 2 நிமிடம் பெயர், ஆண்டு, எண். அடிப்பதாக இருந்தால் ஒற்றைக் கோடு. நான்கு கோடு போட்டுக் கருப்பாக்கினால் திருத்துபவர் கண் முதலில் அங்கேதான் போகும்.